கேட்கக் கூசும் மாணவருக்குத் துணை நிற்பது எப்படி: வடசென்னைக் கல்லூரிகளில் உதவிக்குழுவுக்குப் புதிதாக வருவோருக்கு

நான்கு அரியர் இருக்கும். ஸ்காலர்ஷிப் பணம் வந்திருக்காது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காததுதான் காரணமாக இருக்கும், யாரிடமாவது கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இரவில் தூக்கம் வராது. ஆனாலும் துறைத்தலைவர் அறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். "என்னப்பா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்பார். இப்படிப்பட்ட மாணவருக்குத் துணை நிற்க முன்வரும் சீனியர்கள், டியூட்டர்கள், என்.எஸ்.எஸ். பொறுப்பாளர்களுக்காக எழுதியது இது. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "தைரியமா கேளுங்கப்பா, நாங்க இருக்கோம்" என்று மேடையில் பேசுவதால் அதிகப் பயனில்லை. கூச்சம் அறிவுரைக்குப் போகாது. முதல்முறை கேட்பது சின்ன விஷயமாக இருந்து, அதற்கு நல்ல பதிலும் கிடைத்துவிட்டால், அடுத்த முறை பெரிய விஷயத்தோடு வருவார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த முதல் கேள்வியை எளிதாக்கத்தான்.

கூச்சம் எப்படி உள்ளே இறங்குகிறது

மற்றவர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்ற பயம் ஒன்று. அந்த இளக்காரத்தைத் தானே தன்மேல் சுமத்திக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைத்தான் உளவியலில் சுய களங்கம் என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பாட்ரிக் காரிகனும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் இதை நான்கு படிகளாக விளக்கினார்கள். உதவி கேட்கிறவன் கையாலாகாதவன் என்று ஊரில் ஒரு நினைப்பு இருப்பது மாணவருக்குத் தெரியும். அடுத்து, அது சரிதான் என்று அவரே ஒப்புக்கொள்வார். பிறகு, அப்படியென்றால் நானும் அந்த ரகம்தான் என்று எடுத்துக்கொள்வார். கடைசியில் தன்மதிப்பு சரிந்து, கேட்டு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்ற இடத்தில் வந்து நிற்பார்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் படியோடு மல்லுக்கட்டுவார்கள். போஸ்டர், ஊர்வலம், உறுதிமொழி என்று நேரம் போய்விடும். ஊரின் நினைப்பை ஒரு செமஸ்டரில் மாற்ற முடியாது. மூன்றாவது படியில் கைவைக்கலாம். ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசி மாற்றக்கூடிய இடம் அதுதான்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதன்மேல் இன்னும் சில சுமைகள் உண்டு. பலர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். எதை யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. அந்தத் தெரியாமையையும் தன் குறையாகவே எண்ணிக்கொள்வார்கள். புளியந்தோப்பு, காசிமேடு என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பார்த்துப் பழகியிருப்பார்கள். பையன்களுக்குக் கெத்து குறுக்கே நிற்கும். பெண் பிள்ளைகளுக்கு வேறு பயம்: விஷயம் வீட்டுக்குப் போனால் படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள். பையனிடம் பேசும் பேச்சை அப்படியே பெண்ணிடம் பேசினால் எடுபடாது என்பது இதனால்தான்.

மாதமும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதே நேரத்தில்தான் செமஸ்டர் தேர்வும் அடுத்த ஆண்டுக் கட்டணமும் வரும். நவம்பர், டிசம்பரில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெருக்கள் எவை என்று சொல்லத் தேவையில்லை. அதுவும் தேர்வு மாதம். இந்த இரண்டு காலத்துக்கும் ஒரு மாதம் முன்பே பேச ஆரம்பித்துவிட வேண்டும். நெருக்கடி வந்தபின் போனால் பரிதாபப்பட்டு வந்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

ஆளைத் தேடிப் போகும் முன் ஒரு நோட்டு

ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். கல்லூரியில் கிடைக்கும் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு பக்கம். யார் பொறுப்பு, எந்த அறை, எந்த நேரம், என்ன தாள்கள் வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று எழுதுங்கள். ஸ்காலர்ஷிப், பஸ் பாஸ், வருகைக் குறைவை மன்னிக்கும் கண்டோனேஷன், மறுகூட்டல், முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மனநல ஆலோசகர் எல்லாம் இதில் வர வேண்டும். இரண்டு ஷிஃப்ட் நடக்கும் கல்லூரியில் மாலை மாணவர்களுக்கு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். வழக்கமாக விட்டுப்போவது அதுதான்.

கேட்டு எழுதினால் போதாது, நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள். தவறான ஜன்னலுக்கு ஒரு மாணவரை அனுப்பி, அங்கே "இங்க இல்லப்பா, மேல போ" என்று விரட்டப்பட்டால், நாம் அதைச் சின்னத் தகவல்பிழை என்று நினைப்போம். அவர், நான் கேட்டிருக்கவே கூடாது என்று முடிவு கட்டிவிடுவார். அதற்குப் பிறகு அவரைத் திரும்பக் கூட்டிவருவது ரொம்பக் கஷ்டம்.

கை தூக்கச் சொல்லாதீர்கள், எல்லாருக்கும் கொடுங்கள்

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைத்தார்கள். பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அந்தப் பணத்தை வாங்க மாணவர்கள் தலைகுனிவதில்லை. தகுதி உள்ள எல்லாருக்கும் வருகிறது. யாரும் தனியாக எழுந்து நின்று என் வீட்டில் கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. உதவிக்குழு கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம் இது என்போம்.

ஆகவே, "பிரச்சினை இருப்பவர்கள் வந்து பாருங்கள்" என்ற அறிவிப்பை விட்டுவிடுங்கள். செமஸ்டரின் மூன்றாவது வாரத்திலிருந்து, வகுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் வருகைப்பதிவு வரிசைப்படி பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 60 பேர் வகுப்பு என்றால் நாளுக்கு ஆறு பேர். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். முதலிடம் வாங்குகிற பெண்ணும் வருவார், வகுப்புக்கே வராத பையனும் வருவார். யார் உண்மையில் உதவி தேடி வந்தார் என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. எல்லாரிடமும் ஒரே மூன்று கேள்வி: எந்த பேப்பர் கஷ்டமாக இருக்கிறது, எந்தப் படிவம் நிலுவையில் இருக்கிறது, தூக்கமும் சாப்பாடும் எப்படி. இரவு டெலிவரி வேலைக்கோ கன்டெய்னர் யார்டுக்கோ போகிற பையன் மூன்றாவது கேள்வியில்தான் வாயைத் திறப்பார். அவருக்கு வகுப்பில் தூக்கம் வருவது சோம்பேறித்தனத்தால் இல்லை என்று அப்போதுதான் நமக்கும் தெரியவரும்.

ஸ்காலர்ஷிப் வராதவர்களின் பெயரை வகுப்பில் உரக்கப் படிப்பது, கட்டணம் கட்டாதவர்களை எழுந்து நிற்கச் சொல்வது, அரியர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஆகிய மூன்றையும் உங்கள் துறையில் நிறுத்த முடிந்தால், அதுவே ஓராண்டு வேலைக்குச் சமம். மனநல ஆலோசகரின் அறை வாசல் கேன்டீனைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். பலகையில் "மாணவர் வழிகாட்டி மையம்" என்று எழுதி, பஸ் பாஸ் படிவத்தையும் அங்கேயே கொடுக்க ஏற்பாடு செய்தால், அந்த வாசலில் யார் நின்றாலும் கேள்வி வராது.

நேரில் பேசும்போது

கேன்டீனில் நண்பர் கூட்டம் சுற்றி நிற்க ஆரம்பிக்காதீர்கள். துறைத்தலைவர் அறையும் வேண்டாம். பஸ் ஸ்டாப்புக்கோ ஸ்டேஷனுக்கோ சேர்ந்து நடக்கும் நேரம் நல்லது. முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டிய கட்டாயம் இருக்காது, பேச்சு நின்றாலும் நடை நிற்காது. இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். "மூணு வாரமா புதன்கிழமை லேப்ல உன்ன பாக்கல தம்பி" என்றால் போதும். "ஏன் வரல?" என்று சேர்க்காதீர்கள்; அது விசாரணையாகிவிடும். அநேகமாக வரும் பதில்:

"ஒண்ணும் இல்லண்ணா, நான் பாத்துக்கறேன்."

இதற்கு "இல்லடா, என்கிட்ட சொல்லலாம்டா" என்று கெஞ்சினால் கதவு இறுகிவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சரி, நீ பாத்துக்குவே. எந்த எடத்துல மாட்டுதுன்னு மட்டும் சொல்லு, அந்த ஒண்ண நான் விசாரிச்சு வைக்கறேன்." அவர் கெத்தும் போகாது, கேட்பதும் சின்னதாகிவிடும்.

மூன்றாவது படியில் கைவைக்கும் கேள்வி இது: "உன் ஃப்ரெண்டு இதே நெலமையில உன்கிட்ட வந்தா, அவன கேவலமா நெனப்பியா?" மாட்டேன் என்பார். உடனே "அவன் வேறண்ணா, நான் வேற" என்றும் சொல்வார். அப்போது அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். "என்ன வேற?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அரை நிமிட மௌனம் நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்துக்குப் பின் வரும் வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கும்: அப்பா குடி, அண்ணன் கேஸ், இங்கிலீஷ் வராதது, காதல், கடன் எதுவாகவும் இருக்கலாம்.

வடசென்னைப் பையன்களில் பாக்ஸிங், ஃபுட்பால், கேரம் என்று ஏதாவது ஒன்றில் கோச்சிடம் பயிற்சி எடுத்தவர்கள் நிறைய. ரவுண்டு முடிந்து மூலையில் உட்காரும்போது கோச் சொல்வதைக் கேட்டுக்கொள்வதை எந்த பாக்ஸரும் அவமானமாக நினைப்பதில்லை. இதை நீங்கள் உவமையாகச் சொல்லாமல் அவரையே சொல்லவிடுங்கள். "கோச்சுகிட்ட எப்படிக் கேப்ப?" என்று கேட்டால் போதும், மீதியை அவரே இணைத்துக்கொள்வார். தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய பகுதி இது. தேவையானதைக் கேட்டு வாங்குவது இந்தத் தெருக்களுக்குப் புதிதில்லை.

பெண் பிள்ளைகளிடம் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்: வீட்டுக்குச் சொல்வீர்களா, மாட்டீர்களா. "உன்ன கேக்காம வீட்டுக்கு போன் போகாதும்மா. உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுதான் சொல்லுவேன்." இதே வார்த்தைகளைப் பையன்களிடமும் சொல்லலாம். யாரிடமும் சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். காப்பாற்ற முடியாமல் போகும் நாள் வரலாம்.

கேட்கும் வாக்கியத்தை எழுதிக்கொடுப்பது

பலருக்கு மனம் தயாராக இருந்தாலும் வார்த்தை இருக்காது. இங்கிலீஷில்தான் எழுத வேண்டுமோ என்ற தயக்கமும் சேர்ந்துவிடும். தமிழிலேயே எழுதட்டும். யார், என்ன சிக்கல், என்ன வேண்டும், எப்போது என்ற நான்கும் இருந்தால் செய்தி முழுமை. மாதிரிக்கு:

"வணக்கம் மேடம். நான் இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவன். அக்கவுண்டன்சியில் இரண்டு முறை அரியர். எந்தப் பாடத்தை முதலில் படிக்கலாம் என்று உங்களிடம் கேட்க வேண்டும். நாளை 1.15-க்கோ வியாழன் 2 மணிக்கோ பத்து நிமிடம் வரலாமா?"

"தொந்தரவுக்கு மன்னிக்கவும்", "எனக்கு எதுவுமே தெரியாது" போன்ற வரிகளை அவர் சேர்ப்பார். அவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். படிக்கும் ஆசிரியருக்கு அதனால் ஒன்றும் கூடுவதில்லை, எழுதுகிறவருக்கு மட்டும் குறைகிறது. "எனக்கு ஹெல்ப் பண்ணுங்க" என்று மொட்டையாக அனுப்பினால் எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் ஆசிரியர் பதிலைத் தள்ளிப்போடுவார்; அந்தத் தாமதத்தை மாணவர் மறுப்பாக எடுத்துக்கொள்வார். இதனால்தான் இரண்டு நேரம் குறிப்பிடச் சொல்கிறோம். ஏதாவது ஒன்றுக்குப் பதில் வந்துவிடும்.

"கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவாங்க" என்று அவர் தயங்கினால், ஃபிளின், லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட முடிவைச் சொல்லலாம். முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்கப் போன மாணவர்கள், தேவையான அளவு சம்மதம் கிடைக்க எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். அந்தக் கணிப்பு, உண்மையில் கேட்க வேண்டியிருந்த எண்ணிக்கையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. மனிதர்கள் நாம் பயப்படும் அளவுக்கு மறுப்பதில்லை.

செய்தி எழுதியதும், எப்போது என்ன செய்வார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். "வியாழன் ரெண்டு மணி அடிச்சதும் நேரா முதல் மாடி ஸ்டாஃப் ரூம். மேடம் இல்லன்னா சீட்டு எழுதி மேசையில வச்சிட்டு வருவேன்." இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முடிவுசெய்தவர்கள், செய்யவேண்டும் என்று மட்டும் நினைத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. மேடம் இல்லாவிட்டால் என்ற பாதி மிக முக்கியம். ஆள் இல்லாத நாற்காலியைப் பார்த்துத்தான் பலர் நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள்.

முதல்முறை கூடவே போங்கள், ஆனால் பேசாதீர்கள். வாசலில் நில்லுங்கள். கிளார்க்கிடமோ ஆசிரியரிடமோ நீங்கள் பேசிவிட்டால் வேலை முடியும், கூச்சம் மட்டும் அப்படியே இருக்கும். இரண்டாம் முறை பாதி வழி, மூன்றாம் முறை போனில் மட்டும்.

மனநல உதவி என்று வரும்போது

மனம் தளர்ந்திருப்பது, எதிலும் ஆர்வம் இல்லாதிருப்பது, தூக்கமும் பசியும் கெடுவது ஆகியவை இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் இருந்தால், நண்பர்களின் பேச்சு மட்டும் போதாது. இந்த இடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளைத் தடுப்பது கீழ்ப்பாக்கம் என்ற பெயர். 1794-இல் தொடங்கிய அங்குள்ள மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே சின்ன வயதிலிருந்து கிண்டல் கேட்டவர்களிடம், அங்கே போகலாம் என்று முதலிலேயே சொல்வது வேலைக்கு ஆகாது. அங்கே நல்ல மருத்துவம் கிடைக்கிறது. அது தேவைப்படும் கட்டம் வந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

முதல் கதவாக 14416 நல்லது. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் எண் இது; 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 2022 டிசம்பரில் தொடங்கியது. வீட்டில் ஒரே அறை என்றால் தனியாகப் பேச இடம் கிடைக்காது. கல்லூரியில் ஒரு காலி வகுப்பறையை அரைமணி நேரம் ஏற்பாடு செய்துகொடுங்கள். நேரில் போவதாக இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும். பணம் கட்டத் தேவையில்லை. எல்லா நோய்க்கும் ஆட்கள் வந்து போகும் இடம் என்பதால், தெருக்காரர் யாராவது பார்த்தாலும் எந்தப் பிரிவுக்குப் போகிறோம் என்று தெரியாது. எத்தனை நாளாக இருக்கிறது, எத்தனை மணி நேரம் தூக்கம், வேறு என்ன மாத்திரை போடுகிறார் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துப் போகட்டும். மருத்துவர் முன்னால் வாய் வராமல் போனால் தாள் பேசும்.

மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் ஒன்றைச் சொல்லி வையுங்கள். பக்கவிளைவு முதல் வாரத்திலேயே தெரியலாம், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகலாம். இது தெரியாமல்தான் பலர் பத்தாவது நாள் நிறுத்திவிட்டு, எனக்கு எதுவும் வேலை செய்யாது என்று பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள். சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

ரகசியம் சட்டத்திலேயே உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23-இன்படி சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். கல்லூரிக்குக் கடிதம் போகுமோ என்ற பயத்துக்கு இதைச் சொல்லலாம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றினால், நேராகக் கேளுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். வழியும் நேரமும் யோசித்திருந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது. கையில் உள்ள மாத்திரையோ மருந்தோ அப்புறப்படுத்துங்கள், 14416-ஐ அழையுங்கள், உடனடி ஆபத்தென்றால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு. இந்த நிலையில் உதவிக்குழு உறுப்பினர் தனியாக எதையும் சுமக்கக் கூடாது; அன்றைக்கே ஒரு ஆசிரியருக்குத் தெரிய வேண்டும்.

ராகிங் என்றால் 1800-180-5522. பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு. இவற்றை நண்பர்களுக்குள் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

சீனியர் பேச்சு, பிறகு தொடர்ச்சி

உதவி கேட்டு மேலே வந்த ஒருவர் நேரில் வந்து பேசுவது களங்கத்தைக் குறைக்கும் வழிகளில் நன்றாக வேலைசெய்வது. ஆனால் ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தங்கப்பதக்கம் வாங்கியவர் வேண்டாம். கேட்பவர்கள், அவர் வேற லெவல் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஐந்து அரியரை முடித்துவிட்டு இப்போது சாதாரண வேலையில் இருக்கும், அதே பஸ்ஸில் வந்துபோன அண்ணனோ அக்காவோ போதும். பத்து நிமிடம். கஷ்டத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, யாரிடம் போனேன், என்ன வார்த்தை சொன்னேன், அவர் என்ன பதில் சொன்னார் என்பதற்கு மீதி எட்டு நிமிடம். கண்ணீர்க் கதையாக நீண்டால் கேட்பவருக்குப் பரிதாபம் வரும், வழி தெரியாது.

மாற்றம் வருகிறதா என்று பார்க்க, உளவியல் உதவி கேட்பதில் உள்ள சுய களங்கத்தை அளக்க டேவிட் வோகலும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட 10 வாக்கிய அளவுகோல் இருக்கிறது. உளவியல் துறை ஆசிரியர் உதவியோடு பெயர் எழுதாமல் நிரப்பவைக்கலாம். அது முடியாவிட்டால், தானாகத் திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள்.

ஒருமுறை வந்தவர் மறுபடி வராவிட்டால், பத்து நாள் கழித்து ஒரே ஒரு செய்தி: "அந்த ஃபார்ம் என்ன ஆச்சு?" அவரைப் பற்றிக் கேட்காமல் படிவத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வது அவருக்குச் சுலபம். பதில் இல்லாவிட்டால் இன்னொரு மாதம் விட்டு, தேர்வுக் கட்டணத் தேதி நெருங்கும்போது ஒருமுறை. அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஏப்ரலில் போய்விடுவார்கள். நோட்டை மார்ச் மாதமே இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரிடம், ஒரு பையன் ஒரு பெண்ணிடம், ஒப்படைத்து, எல்லா அறைகளுக்கும் ஒருமுறை அவர்களைக் கூட்டிப்போங்கள். பெயர்கள், வீட்டு விவரங்கள் எழுதிய பக்கம் ஏதாவது இருந்தால் கொடுக்கும் முன் கிழித்துவிட வேண்டும்.